கேமராவை டிரைவாகப் பார்த்த கணினி

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு என்றதும் எல்லாரும் கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் தேடுகிறார்கள். வெள்ளைக்காரத் துரை, கிராணி, பெரட்டுக் களம். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டார். இது பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. எனக்குக் கவலை வேறு காலத்தைப் பற்றியது. 1998க்குப் பிந்திய பத்துப் பன்னிரண்டு வருடங்கள். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியான காலம். அந்த வருடங்களின் தீமிதி, கல்யாணம், உடைபடும் லயம் எல்லாம் கொஞ்சங் கொஞ்சமாக ஃபிலிமிலிருந்து டிஜிட்டல் கேமராவுக்குப் போய்விட்டன. அவற்றை இன்றைக்குத் திறக்க முடியுமா என்பது ஒரு பழைய கேள்வியில் வந்து நிற்கிறது: கேமராவை வயரில் மாட்டினால் கணினி அதை என்னவாகப் பார்க்க வேண்டும்?

ஆரம்பத்தில் இதற்கு ஒழுங்கான பதிலே இல்லை. 1995இல் வந்த கேசியோ கியூவி-10 போன்ற கேமராக்களைக் கணினியின் சீரியல் போர்ட்டில் மாட்ட வேண்டும். அந்த வயரில் அதிகபட்சம் நொடிக்குப் பதினோரு கிலோபைட் போகும். 8 மெகாபைட் கார்டு ஒன்றைக் காலி செய்யப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவும் அந்தக் கம்பெனி கொடுத்த மென்பொருள் இருந்தால்தான். சோனி 1997இல் மாவிக்கா கேமராவில் ஃப்ளாப்பியையே சொருகிப் படம் எடுக்க வைத்தது. பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் நல்ல பொறியியல் மூளை. ஃப்ளாப்பியை எந்தக் கணினியும் படிக்குமே!

மாற்றம் இரண்டு பக்கமிருந்து வந்தது. 1998 கடைசியில் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டா, கேமரா கார்டுக்குள் கோப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டது. டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 100இல் தொடங்கும் ஃபோல்டர்கள். படத்தின் பெயரில் நான்கு எழுத்தும் நான்கு எண்ணும். கைப்பேசியிலும் இந்த ஃபோல்டரைப் பார்த்திருப்பீர்கள், அதே விதிதான். அடுத்த வருடம் யூ.எஸ்.பி. பக்கம் ‘மாஸ் ஸ்டோரேஜ்’ நெறிமுறை செம்மைப்பட்டது. வயரை மாட்டியதும் கணினி “நீ யாரு?” என்று கேட்கும். கருவி 8 என்று பதில் சொன்னால் அது சேமிப்புக் கருவி. அதன்பின் கணினி படத்தைக் கேட்பதில்லை, “இத்தனையாவது செக்டரைக் கொடு” என்று 512 பைட் துண்டுகளாகக் கேட்கிறது. கேமரா தன் வேலையை நிறுத்திவிட்டு வெறும் டிஸ்க்காகப் படுத்துக்கொள்கிறது. நிறைய கேமராக்களில் மாட்டியவுடன் திரை அணைந்துபோவது அதனால்தான். அந்த நேரத்தில் வயரைப் பட்டென்று பிடுங்கினால் கோப்பு அட்டவணை பாதியில் நின்று கார்டு கெட்டுப்போகலாம்.

ஆனால் விண்டோஸ் 98க்கு இந்த 8 புரியாது. ஒவ்வொரு கேமராவுக்கும் தனி டிரைவர் சிடி வேண்டும். 2000இல் வந்த விண்டோஸ் 2000உம் எம்இயும்தான் பொதுவான டிரைவரோடு வந்தன. எங்கள் பக்கம் 98 அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. சிடி எங்கே என்று கேட்டால், “அது எங்கயோ போச்சு தம்பி” என்பார்கள். லினக்ஸ் பக்கம் இன்னொரு வேடிக்கை. விதியை ஒழுங்காகப் பின்பற்றாத கருவிகளைச் சமாளிக்க அதன் மூலநிரலில் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய கேமரா கம்பெனிகளின் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. யார் விதியை மீறினார்கள் என்று இவ்வளவு நேர்மையாக எழுதிவைத்த ஆவணம் தோட்ட நிர்வாகத்தில்கூடக் கிடைக்காது.

எல்லாக் கம்பெனியும் 8 சொல்லவில்லை. பிடிபி என்ற இன்னொரு நெறிமுறையும் வந்தது. அதில் கருவி 6 என்று பதில் சொல்லும், ‘படக் கருவி’ என்று பொருள். டிரைவ் எழுத்து வராது. படத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். கேனனின் பவர்ஷாட் கேமராக்களில் பெரும்பாலானவை இந்த வகை. கேமராவும் கணினியும் ஒரே நேரத்தில் கார்டில் கை வைக்காது என்பதால் இது பாதுகாப்பானது. ஆனால் எந்த மென்பொருளும் இல்லாத ஒருவருக்கு டிரைவ்தான் சுலபம். அதில் படம் மட்டுமா வைக்கலாம்? பாட்டு, அசைன்மெண்ட் எல்லாம் வைக்கலாம்.

இந்த இடத்தில் கதை எங்கள் ஊர்ப்பக்கம் திரும்புகிறது. கோலசிலாங்கூரிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே போனால் தஞ்சோங் காராங், அதைத் தாண்டினால் வயலும் மீன்பிடிப் படகுமாகச் செகிஞ்சான். அங்கே 1974இல் பிறந்தவர் புவா கெய்ன் செங். கிள்ளான் பின் ஹுவா பள்ளியில் படித்து, தைவான் சியாவ் துங் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2000இல் நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டையும் ஃப்ளாஷ் நினைவக மேலாண்மையையும் ஒரே சில்லில் அடக்கிக் காட்டினார்கள். பெண்டிரைவின் விலை இறங்க அது ஒரு காரணம். பத்திரிகைகள் அவரை ‘பெண்டிரைவின் தந்தை’ என்றன. அது கொஞ்சம் மிகை. சிங்கப்பூர் டிரெக் நிறுவனமும் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸும் அதற்கு முன்பே பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன. ஒற்றைச் சில்லு என்ற சாதனையே போதும், தந்தைப் பட்டம் தேவையில்லை. நமக்கு முக்கியம் வேறு: பெண்டிரைவும் கணினிக்குச் சொல்வது அதே 8தான். கேமரா பேசக் கற்ற மொழியையே அதுவும் பேசியது.

என்னிடம் இப்போது பழைய கார்டுகள் வருகின்றன. “நீ எஞ்சினியர்தானே, இதுல என்ன இருக்குன்னு பாரேன்” என்று கொடுப்பார்கள். ஸ்மார்ட்மீடியா, எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் என்று கம்பெனிக்கு ஒரு வடிவம். கடையில் கிடைக்கும் ரீடர் பலவற்றில் இவற்றுக்கு இடமே இல்லை. அப்போது நான் கேட்பது அந்தப் பழைய கேமராவை. தூக்கிப் போடாமல் இருந்து, பேட்டரியும் சரியான வயரும் கிடைத்தால், அதுவே ரீடர். கேமரா பக்கத்து முனையைக் கம்பெனிகள் ஆளுக்கொரு வடிவத்தில் செய்துவைத்திருப்பதால் வயர் தேடத்தான் நாளாகும்.

திறந்தபின் தேதி ஒரு தொல்லை. உள்பேட்டரி செத்த கேமராவில் கடிகாரம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், எல்லாப் படமும் ஜனவரி 1. அப்போது அந்த நான்கு எண்தான் கை கொடுக்கிறது. ஒரு கார்டில் 0041 தீமிதி. 0058இல் லயத்து வாசலில் லாரி நிற்கிறது, மேலே அலமாரியும் மெத்தையும். நடுவில் எட்டு எண்கள் காணோம், யாரோ அழித்திருக்கிறார்கள்.