எழுந்தது ராணிதானா?

சேலம் அம்மாப்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர். அவர் வீட்டில் ராணி. ஜாதி நாயெல்லாம் இல்லை, சாதாரண நாட்டு நாய். வயது 12. மனிதக் கணக்கில் பாட்டி. கர்ப்பப்பையில் சீழ் வைத்துவிட்டது. முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டது. தையல் ஆறியது. சாப்பாடும் இறங்கியது. ஆனால், இத்தனை வருஷமாகத் தண்ணீர் குடித்த தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குரைத்தது.

நண்பர் போனில் சொன்னார்: "டாக்டர் மேல குறை ஒண்ணும் இல்லீங்க. போக இருந்த உசுரைத் திருப்பிக் கொடுத்தாரு. ஆனா, திரும்பி வந்தது நம்ம ராணிதானான்னு சந்தேகமா இருக்குங்க."

சாதாரண சந்தேகம் இல்லை இது. மருத்துவ உலகம் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவே நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

1846, அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். வில்லியம் மார்ட்டன் என்கிற பல் டாக்டர், ஒரு நோயாளிக்கு ஈதர் வாயுவைக் கொடுத்துத் தூங்கவைத்தார். கழுத்தில் இருந்த கட்டியை வலியில்லாமல் அறுத்து எடுத்தார்கள். உலகமே கைதட்டியது. அதற்கு முன்பே மார்ட்டன் தன் வீட்டு நாய்க்கு ஈதர் கொடுத்துப் பார்த்திருந்தார் என்று சொல்வார்கள். ஆக, மயக்க மருந்துச் சரித்திரத்தின் வாசலிலேயே ஒரு நாய் படுத்திருக்கிறது!

அடுத்த வருஷமே குளோரோஃபாரம் வந்தது. 1848 ஜனவரியில் முதல் சாவும் வந்தது. இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்கிற 15 வயதுப் பெண். கால் கட்டைவிரல் நகத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மயக்கம் கொடுத்தார்கள். எழுந்திருக்கவே இல்லை. குளோரோஃபாரம் இதயத்தை நிறுத்துகிறதா, மூச்சை நிறுத்துகிறதா? டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

பஞ்சாயத்து எங்கே நடந்தது தெரியுமா? நம்ம ஹைதராபாத்தில்!

எட்வர்ட் லாரி என்கிற ஆங்கிலேய டாக்டர் அங்கே மருத்துவப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர் கட்சி. நிஜாம் பணம் கொடுத்தார். 1888ல் ஒரு கமிஷன், 1889ல் இன்னொரு கமிஷன். இரண்டாவதற்கு லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்கிற பெரிய நிபுணர் கப்பலேறி வந்தார். நாய்கள், குரங்குகள், ஆடுகள் என்று நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு குளோரோஃபாரம் கொடுத்தார்கள். முதலில் நிற்பது மூச்சுதான் என்று தீர்ப்பும் எழுதினார்கள்.

தீர்ப்பு நிலைக்கவில்லை. 1911ல் குட்மன் லெவி என்பவர் பூனைகளை வைத்துச் சோதித்து, லேசான குளோரோஃபாரம் மயக்கத்தில்கூட இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்று காட்டினார்.

ஹைதராபாத்தில் அத்தனை விலங்குகளைப் பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? செத்ததா, பிழைத்ததா? அவ்வளவுதான். பிழைத்து எழுந்த நாய்க்குத் தன் இடம், தன் ஆள் எல்லாம் ஞாபகம் இருந்ததா? அது அன்றைய கேள்வியே இல்லை.

இத்தனைக்கும் முதல் கமிஷனுக்கு ஒரு வருஷம் முன்பு, 1887ல், ஜார்ஜ் சாவேஜ் என்கிற லண்டன் மனநல டாக்டர் எச்சரித்திருந்தார். மயக்க மருந்துக்குப் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எழுதினார். உயிரே போகும்போது புத்தியைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

1955ல் பெட்ஃபோர்டு என்கிற ஆங்கிலேய டாக்டர் கவலைப்பட்டார். ஆபரேஷன் செய்துகொண்ட 1,193 வயதானவர்களின் விவரங்களைப் புரட்டினார். "ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா பழைய அப்பா இல்லை" என்கிற மாதிரி உறவினர்கள் சொன்னதைப் புலம்பல் என்று அவர் ஒதுக்கவில்லை. கட்டாயம் தேவை என்றால் மட்டும் முதியவர்களுக்கு ஆபரேஷன் செய்யுங்கள் என்றார். அம்மாப்பேட்டை நண்பர் சொன்னதும் அதேதானே!

1998ல் பல நாட்டு மருத்துவமனைகள் கூட்டாக ஓர் ஆய்வு நடத்தின. 60 வயதைத் தாண்டிய 1,218 பேர். பெரிய ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில், நாலில் ஒருவருக்கு ஞாபகமும் யோசனையும் மந்தம். மூன்று மாதம் கழித்தும் பத்தில் ஒருவருக்குச் சரியாகவில்லை. ரத்த அழுத்தம் குறைந்ததாலா, ஆக்ஸிஜன் குறைந்ததாலா என்று பார்த்தார்கள். இரண்டும் இல்லை.

மறுபடி விலங்குகளிடம் போனார்கள். 2003. அதே பாஸ்டன். டெபோரா கல்லி குழுவினர், பல வழிகள் பிரியும் புதிர்ப்பாதையில் எலிகளைப் பழக்கினார்கள். பிறகு இரண்டு மணி நேரம் முழு மயக்கம். ஆபரேஷன் கிடையாது. வெறும் மயக்கம்தான். இளம் எலிகள் எழுந்து முன்பைவிட நன்றாகவே வழி கண்டுபிடித்தன. வயசான எலிகள் வாரக்கணக்கில் தடுமாறின!

கதை அத்தோடு முடியவில்லை. 2007ல் இன்னொரு ஆய்வு. மயக்கம் மட்டும் கொடுத்த எலிகளைவிட, வயிற்றைக் கிழித்து மண்ணீரலை எடுத்த எலிகளின் ஞாபகம்தான் அடி வாங்கியிருந்தது. ஆபரேஷன் காயத்துக்கு உடம்பு கொதித்தெழுகிறதே, அந்தக் கொதிப்பு ரத்தம் வழியாக மூளையையும் தொட்டுவிடுகிறது. ஆக, குற்றவாளி மருந்து மட்டும் இல்லை. காயமும் வயசும் கூட்டாளிகள்.

காப்பாற்ற வழி? 2015ல் ஜப்பானில் ஒரு குழு, வயசான எலிகளை ஆபரேஷனுக்கு முன்னால் பெரிய கூண்டில், விளையாட்டுச் சாமான், துணை எலிகள் சகிதம் வைத்தது. அவற்றுக்கு ஞாபக இழப்பு குறைந்தது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வேலையும் துணையும்தான் மருந்து.

சரி, நம்மூருக்கு வருவோம். நாமக்கல்லில் 1985லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் இப்போது ஒன்று இருக்கிறது. இந்தச் சமவெளியில் கால்நடை டாக்டர் என்றால் மாடு, ஆடு, கோழிதான் முதலில் நினைவுக்கு வரும். மாட்டைப் பொறுத்தவரை ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஆணியையும் பிளாஸ்டிக்கையும் முழுங்கிய மாட்டுக்கு, பெரும்பாலும் விலாப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, நிற்கவைத்தபடியே ஆபரேஷன் செய்வார்கள். மாட்டை முழுசாக மயக்கிப் படுக்கவைத்தால் வயிறு உப்பும், மூச்சு முட்டும். அதற்காக வந்த பழக்கம். மூளைக்கும் அந்தச் சுமை இல்லை.

நாய்க்கு அது முடியாது. நிற்கச் சொன்னால் நிற்குமா? முழு மயக்கம்தான். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது நாலே நாலு. ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டா? வயசான ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். அளவைக் குறைத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்களா? நடுவில் உடம்புச் சூடு இறங்காமல் கவனிப்பார்களா? பின்னால் வலிக்குச் சரியான மருந்து உண்டா? இத்தனையும் செய்தால் ஞாபகம் நிச்சயம் தப்பும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். ஆனால் உடம்புக்கும் மூளைக்கும் விழும் அடியைக் குறைக்கலாம். ஒன்று மட்டும் முக்கியம். ஞாபகம் போய்விடுமோ என்று பயந்து ராணி மாதிரிக் கேஸில் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால், நாயே போய்விடும்.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் தோன்றும். மயக்க மருந்துக் கணக்கில் நாயும் பூனையும் எலியும் போட்ட முதல் மிகப் பெரியது. நம் பாட்டிக்கு எவ்வளவு மயக்கம் கொடுக்கலாம் என்று இன்றைக்கு டாக்டர் யோசிக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஹைதராபாத் நாய்களும் பாஸ்டன் எலிகளும் இருக்கின்றன. லாபத்தில் அவற்றுக்குப் பங்கு வந்து சேரவில்லை. எலியிடம் பார்த்த அளவுக்கு, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் கிழட்டு நாயின் ஞாபகத்தை யாரும் உட்கார்ந்து அளந்து பார்ப்பதில்லை.

ராணி என்ன ஆனது? தடுமாற்றத்துக்கு மயக்கம் காரணமா, காயமா, வெறும் வயசா... ஒரே ஒரு நாயை வைத்துச் சொல்ல முடியாது. நண்பர் தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றவில்லை. பழைய சாக்கையும் துவைக்கவில்லை. தினமும் அதே நேரத்துக்கு அதே தெருவில் நடத்திக் கூட்டிப்போனார். ஒரு மாதம் கழித்து போன் வந்தது.

"இன்னிக்குக் காலையில பால்காரர் மணிச் சத்தம் கேட்டுத் தானா கேட்டுக்குப் போயிருச்சுங்க. ராத்திரி மட்டும் இன்னும் கொஞ்சம் குழப்பம் இருக்கு."

பாதி ராணி வந்துவிட்டது. மீதிக்காக அவர் நடந்துகொண்டிருக்கிறார்.