கேட்ட படங்கள்

பண்டிகை நாளில் டெலிவிஷனில் வரும் பழைய படத்தைக் கட்டுமாவடி ஜனங்கள் பார்த்தார்கள் என்பதைவிடக் கேட்டார்கள் என்பதுதான் சரி. ஒரு தமிழ்ப் படம் எப்படி 'கிளாஸிக்' ஆகிறது என்ற சர்ச்சையில் விமர்சகர்களின் பட்டியல்களைவிட, அந்த ஊர்க் கூரைகளுக்கு மேலே நின்ற ஆன்டெனாக் கம்பங்கள் எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கட்டுமாவடி புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரையில், தஞ்சாவூர் எல்லையை ஒட்டி இருக்கிறது. 1974 ஜனவரி 14, பொங்கலன்று, புது ஜில்லா உருவாகும்வரை அது தஞ்சாவூரைச் சேர்ந்தது. (புதுக்கோட்டை சமஸ்தானத்து ராஜாவுக்குக் கடல் கிடையாது. ஜில்லாவுக்குத்தான் கடல் வந்தது.) சென்னை அங்கிருந்து நேர்கோட்டில் முந்நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல். 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் அலை அவ்வளவு தூரம் வராது. 1984-ல் நாடெங்கும் அவசர அவசரமாகச் சிறு சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் நட்டார்கள். அவை டில்லியை அஞ்சல் செய்தன. தமிழ் நாட்டின் சிறு நகரங்களுக்கு டெலிவிஷன் முதலில் ஹிந்தியாகத்தான் வந்தது. கொடைக்கானல் கோபுரம் எண்பதுகளின் பிற்பாதியில் வந்து சேரும்வரை, எங்கள் கரைக்குத் தமிழ்ப் படம் கிழக்கிலிருந்துதான் வந்தது. கிழக்கே கடல். கடலுக்கு அப்பால் ரூபவாகினி.

ஜப்பானின் உதவியில் 1982 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்தாபனம் அது. பிரதான டிரான்ஸ்மிட்டர் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில். வடக்கே கொக்காவிலில் ஒரு அஞ்சல் கோபுரம். கட்டுமாவடிக்கும் கொக்காவிலுக்கும் நூற்றறுபது கிலோமீட்டர் இருக்கலாம், பெரும்பகுதி தண்ணீர். வெப்பமான, அசைவற்ற கடல்மேல் இந்த அலைகள் வளைந்து, போகக்கூடாத தூரமெல்லாம் போகும். ஆகவே படம் வருமா வராதா என்பதை நிகழ்ச்சி நிரல் சொல்லாது, காற்று சொல்லும். சாயங்காலம் கரையில் நின்று முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாடை எடுத்திருச்சு, இன்னிக்குப் படம் வராதுடா" என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இருந்தார்கள். பொய்த்ததில்லை. தீபாவளி வாடைக் காலத்தில் வருகிற பண்டிகை. அதனால் தீபாவளிப் படம் எங்களுக்கு எப்போதுமே பாதிப் படம்தான்.

இரண்டு சவுக்குக் கம்புகளை ஒட்டுப்போட்டுக் கட்டி, உச்சியில் ஆன்டெனா, கீழே பூஸ்டர். ஒருவன் கம்பத்தைத் திருப்ப, ஒருவன் வாசலில் நின்று கத்த, உள்ளே ஒருவன் திரையைப் பார்த்துச் சொல்ல, ஒரு பட்டாளமே தேவை. எழுத்துப் போடும்போது கம்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். படம் ஒருவாறு நிலைக்கும்போது பெயர்களெல்லாம் போய்விட்டிருக்கும். டைரக்டர் யார் என்பது எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. எழுத்து எங்களுக்கு வந்து சேரவில்லை. படைப்பாளியின் கையொப்பத்தைத் தேடுகிற விமர்சனம் பாரிஸிலிருந்து கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், எங்களுக்குப் படங்கள் வேதம்போல, கர்த்தா இல்லாமல் வந்தன.

நிலைத்த பிறகும் திரை முழுக்கப் பூச்சி பறக்கும். முகம் இருக்கிறது என்று தெரியும், யார் முகம் என்று தெரியாது. ஆனால் படம் கலைந்த பிறகும் குரல் நிற்கும். இதுதான் விஷயம். சிவாஜி கணேசனையும் நாகையாவையும் சாவித்திரியையும் குரலால் அடையாளம் கண்டோம். குரலில் நிற்கக்கூடிய படம் எங்கள் ஊரில் பிழைத்தது. கண்ணை நம்பிய படம் செத்தது.

இதற்கு எங்கள் காது ஏற்கெனவே தயாராகியிருந்தது. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பூவரச மரத்தில் குழாயைக் கட்டி ரேடியோ செட்காரர் 'திருவிளையாடல்' வசனத் தட்டைப் போடுவார். இலங்கை வானொலி பகலெல்லாம் பாடியது. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்தில் ஒரு முழுப் படமே ஒரு மணி நேரக் குரலாகச் சுருங்கி வரும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) வசனத்தைப் படம் பார்க்காமலே முழுதும் சொல்லக்கூடிய பையன்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர் இருந்தார்கள். பண்டிகை நாளில் டெலிவிஷன் செய்ததெல்லாம், தெரிந்த குரலுக்குக் கீழே கொஞ்சம் வெளிச்சத்தை அசையவிட்டதுதான்.

பின்னால் தூர்தர்ஷனும் தனியார் சானல்களும் பண்டிகைக்குப் பண்டிகை திரும்பத் திரும்பப் போட்ட படங்களை எண்ணிப் பார்த்தால் ஒரே மனிதர் பஞ்சாங்கத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது தெரியும். ஏ.பி. நாகராஜன். சிவராத்திரிக்குத் 'திருவிளையாடல்' (1965), சரஸ்வதி பூஜைக்கு 'சரஸ்வதி சபதம்' (1966), தைப்பூசத்துக்குக் 'கந்தன் கருணை' (1967), வைகுண்ட ஏகாதசிக்குத் 'திருமால் பெருமை' (1968). இவர் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் வளர்ந்தவர். நடிகன் சபையைப் பார்த்து நிற்க, காமிரா சபையின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் படங்களைச் சினிமா அல்ல, படம் பிடித்த நாடகம் என்று சொல்லி ஒதுக்குவது நம் பக்கங்களில் ஒரு சம்பிரதாயம். நாடகம் என்பது உண்மைதான். ஆனால் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் மைக் இல்லாமல் கேட்க வேண்டும் என்பதற்காக பாய்ஸ் கம்பெனிகள் உண்டாக்கிய அந்தக் குரல், நூற்றறுபது கிலோமீட்டர் கடலைத் தாண்டிப் பூச்சிகளுக்கு நடுவிலும் கேட்டது. கடைசி வரிசை கட்டுமாவடியில் இருந்தது.

பி.யு. சின்னப்பாவும் அதே பள்ளியில், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில், பயின்றவர். எங்கள் ஜில்லாக்காரர், முதலெழுத்திலேயே புதுக்கோட்டை இருக்கிறது. 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டு, 1951-ல் முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். ஆனால் பண்டிகைக்கு 'உத்தம புத்திரன்' என்று அறிவித்தால் வருவது 1958-ன் சிவாஜி படம். ஊரில் வயதானவர்கள் ஒவ்வொரு முறையும் ஏமாந்து எழுந்துபோவார்கள். எம்.ஜி.ஆர். வேறு ரகம், அவர் உடம்பால் நடித்தவர். அவரை டூரிங் கொட்டகையின் மணலில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், பார்த்தோம். அவருக்கு டெலிவிஷன் தேவைப்படவில்லை.

பண்டிகைக்கும் சினிமாவுக்குமான சம்பந்தம் டெலிவிஷனால் வந்ததல்ல. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் 1946 தீபாவளியையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. அதன் நாயகன் தியாகராஜ பாகவதர் 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947 வரை சிறையில் இருந்தார். ஆள் உள்ளே, குரல் வெளியே. அதையும் ஜனங்கள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் ஓடும் படம் ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946-ல் வெளியானபோது போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க உரியவர்கள் மறந்துபோனார்கள். காசில்லாமல் கிடைத்த படத்தை டெலிவிஷன் நிலையங்கள் வருஷா வருஷம் போட்டன. ஒரு தலைமுறைக்குள் அது அமெரிக்காவின் புனிதப் படம் ஆகிவிட்டது. அங்கே ஒரு குமாஸ்தாவின் மறதி. இங்கே காற்றும் பூச்சியும். எங்கேயும் விமர்சகனைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை.

கட்டுமாவடியில் ஒரு படம் உண்மையிலேயே பார்க்கப்பட்டதை நான் அறிவேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்திருந்த ஒரு சபுராளி, வளைகுடாவில் கூட இருந்த மலையாளிகளிடம் வாங்கிவந்த காசெட்டை டெக்கில் போட்டார். ராமு காரியத்தின் 'செம்மீன்' (1965). பூச்சி இல்லாத திரை. பாஷை பாதிதான் புரிந்தது. கேட்பதற்கு எதுவும் இல்லாததால் எல்லோரும் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்ததும் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. "தம்பி, இது ஆம்பளக் கடலு. நம்மளது பொம்பளக் கடலு. இப்புடி அலை அடிச்சா நம்மாளு தோணிய எறக்க மாட்டான்" என்றார் என் பக்கத்தில் இருந்த பெரியவர். பலனி தனியாகச் சுறாவைத் தூண்டிலில் பிடிக்கப் போகும் காட்சியில், அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டது தப்பு என்று ஒரு வாக்குவாதம். கரையில் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலில் புருஷன் பிழைப்பான் என்ற நம்பிக்கைதான் கதை. அது புரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா ஒருவர், "இவ கரையில தப்புப் பண்ணுனா கடலு அவனப் புடிக்கும். அவன் பண்ணுனா யாரப் புடிக்கும்?" என்று கேட்டார். 'செம்மீன்' பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு கூர்மையான ஒரு வரி இல்லை. ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அவர்களுக்குப் படம் தெரியவில்லை. தெரிந்த ஒரே நாளில் அவர்கள் இப்படிப் பார்த்தார்கள்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979 தீபாவளியை ஒட்டி வந்த படம். ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிப் படம். வசனத்தில் வண்ணநிலவனுக்கும் பங்குண்டு. தியேட்டரில் தீபாவளிக்கு வந்த இந்த இரண்டையும் டெலிவிஷனில் தீபாவளிக்கு நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு சாதாரண நாளில் 'உதிரிப்பூக்கள்' எங்கள் திரையில் ஓடியது. ஊர் கூடி நிற்க, அந்த மனிதன் ஆற்றில் இறங்குகிற முடிவில் ஆறு எது, பூச்சி எது என்று தெரியவில்லை. பேச்சு நின்றதால் படம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஞாயிறு மதியம் டில்லி வரிசையாக ஒவ்வொரு மொழியிலும் போட்ட படங்களுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் 'அவார்டு படம்'. பேசாத படம் என்று அர்த்தம். ஜான் ஆப்ரஹாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) அந்த வரிசைக்குரிய தேசிய விருதைப் பெற்ற தமிழ்ப் படம். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். அதைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப இருந்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பூச்சிகூடத் தேவைப்படவில்லை.

ரூபவாகினியைச் சொல்லும்போது யுத்தத்தை விட்டுவிட முடியாது. 1983-க்குப் பிறகு படம் வந்த அதே திசையிலிருந்து கடற்படையின் துப்பாக்கிச் சூடும் வந்தது. படத்துக்கு முன்போ பின்போ வரும் தமிழ்ச் செய்திக்காகக் கம்பத்தைத் திருப்பியவர்கள் உண்டு. கரையில் வந்து இறங்கிய அகதிகள் அந்தச் செய்தியைக் கேட்டுத் தலையை ஆட்டியதையும் பார்த்திருக்கிறேன். 1990 ஜூலையில் கொக்காவில் முகாம் புலிகளிடம் விழுந்தது. கோபுரமும் போயிற்று. சில வாரங்கள் கம்பத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேற்கே கொடைக்கானலைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று, சன் டி.வி. வந்தது. பிறகு பண்டிகைக்குப் பழைய படம் என்பதே மாறி, சில மாதங்களுக்கு முன் வெளியான புதுப் படம் பண்டிகையின் உரிமையாயிற்று. பழையது மத்தியானத்துக்கும் நள்ளிரவுக்கும் தனிச் சானல்களுக்கும் போயிற்று. 2006-க்குப் பின் இலவசக் கலர் டெலிவிஷன் வீட்டுக்கு வீடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புத்தாண்டுப் படம் முடிந்த மறுநாளே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கும். இந்தக் கரையின் நீண்ட விடுமுறை அதுதான். கேட்காமல் வந்த விடுமுறை. பகலெல்லாம் பழைய படம் ஓடும், வலை பின்னுகிறவர்கள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வசனத்தைக் கூடவே சொல்வார்கள். திரை இப்போது துல்லியம். ஆனாலும் முதுகுதான்.

2018 நவம்பர் 6-ம் தேதி தீபாவளி. பத்தாம் நாள் கஜா புயல். தென்னைகளோடு கம்பங்களும் போயின. பல வாரங்கள் மின்சாரம் இல்லை.

2012 மார்ச்சில் 'கர்ணன்' (1964) புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டர்களில் நன்றாக ஓடியது. பந்துலுவின் படம், அதுவும் குரல். இப்போது புதுப்பிக்கப் பணம் தேடுகிறவர்கள் தேர்ந்தெடுப்பது பண்டிகைப் படங்களின் பழைய பட்டியலிலிருந்து. அந்தப் பட்டியலில் இடம்பெறாதவற்றைப் புதுப்பிக்க யாருக்கும் முகாந்திரம் இல்லை. நம் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை அறுபது ஆண்டு. பாலசந்தரின் பாட்டே இல்லாத 'அந்த நாள்' (1954) 2014 முடிவோடு பொதுச் சொத்து. ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' 1965. அதன் கெடு 2025 டிசம்பர் 31. அதை அடுத்த பொங்கலுக்கு எந்தச் சானலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் போடலாம். அதன் பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.