அயல்நாட்டுப் போரும் லயத்து விளக்கும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக மலையேறி வரும் பெருந்தெரு பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளை நோக்கிச் செல்கின்றது. மற்றது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. நம் தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியும் கோதுமை மாவும் உரமும் பெரும்பாலும் லொறிகளிலேயே மேலே வருகின்றன. நாம் பறித்த கொழுந்து தேயிலையாகிக் கீழே போவதும் அவ்வாறே. ஆகவே எங்கோ ஒரு தேசத்தில் போர் மூண்டு எண்ணெய் விலை ஏறினால், அந்த ஏற்றம் மலையேறி லயத்து அடுப்பங்கரை வரை வந்து சேர்வதில் வியப்பொன்றுமில்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் நாட்டில் நடந்த விலை விவாதத்தில் நம் மக்களுக்கு எவ்விடம் இருந்தது? இக்கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரையில் சில வரலாற்றுச் செய்திகளை ஆராய எண்ணுகின்றோம்.

எண்ணெய் நம் நாட்டில் அரசியலான கதை

ஒரு காலத்தில் இலங்கையின் எண்ணெய் வியாபாரம் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ என்னும் மூன்று அந்நியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. சோவியத் நாட்டு எண்ணெய் வந்திறங்கியது. கம்பெனிகளின் சொத்துக்களுக்கு நட்டஈடு கொடுப்பது பற்றிய பிணக்கினால் 1963-இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. 1964 ஜனவரி முதல் எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. 1969-இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு நிலையமும் இயங்கத் தொடங்கிற்று.

இதன் பின்னர் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பு அரசினுடையதாயிற்று. விலை ஏறினால் மக்கள் கேள்வி கேட்கும் இடமும் அரசேயாயிற்று. எனினும் மசகெண்ணெயின் விலையோ உலகச் சந்தையின் விலையாகவே இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறியே பிற்கால விவாதங்கள் அனைத்திற்கும் வேராகும்.

1973: குரலற்றோர் கொடுத்த விலை

1973 அக்டோபர் 6-ஆம் நாள் எகிப்தும் சிரியாவும் இஸ்ரவேலோடு போர் தொடுத்தன. பத்து நாட்களில் வளைகுடா எண்ணெய் நாடுகள் விலையை 70 வீதம் உயர்த்தின. மறுநாள் அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைக்கத் தீர்மானித்தன. போருக்கு முன் பீப்பாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 டொலராக இருந்த அறிவிப்பு விலை 1974 ஜனவரியில் 11.65 டொலராயிற்று. ஒல்லாந்திலும் மேற்கு ஜெர்மனியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடுத்தார்கள். செல்வந்த நாடுகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணத்தைப் பற்றிய கவலை.

நமக்கோ அது வயிற்றைப் பற்றிய கவலையாயிற்று. காரணத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். எண்ணெயும் கோதுமை மாவும் உரமும் ஒரே உண்டியலிலிருந்து, அதாவது ஏற்றுமதியால் கிடைக்கும் அந்நியச் செலாவணியிலிருந்தே வாங்கப்பட வேண்டும். எண்ணெய் அதிகம் விழுங்கினால் மாவுக்கு மிச்சம் குறையும். அதே வேளையில் உலகத் தானிய விலையும் ஏறியிருந்தது. பங்கீட்டரிசி குறைந்தது, மாவின் விலை உயர்ந்தது, மாவட்டத்திற்கு மாவட்டம் அரிசி கொண்டு செல்வதற்கும் தடை இருந்தது. மரவள்ளி பயிரிடுங்கள் என்றார்கள். கிராமத்தானுக்குக் கொல்லை இருந்தது. லயத்தானுக்கு வாசற்படியே எல்லை. தோட்டப்புறங்களில் பட்டினியும் நோயும் பரவின. 1974-இல் அங்கே இறப்பு வீதம் நாட்டின் சராசரியை விட மிக உயர்ந்திருந்தது. பசியால் தோட்டங்களை விட்டு நகரத் தெருக்களுக்கு வந்தவர்களும் உண்டு.

அந்நாளில் பாராளுமன்றத்தில் வாதங்களுக்குக் குறைவில்லை. உலக விலையே காரணம் என்றது அரசு. கொள்கையே காரணம் என்றது எதிர்க்கட்சி. ஆனால் அந்தச் சபையில் தோட்ட மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி ஒருவரும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியிருந்தது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைகளாக எண்ணிப் பங்கிட்டதேயன்றி, வாக்காளராக எண்ணவில்லை. தம் கொழுந்தினால் செலாவணி ஈட்டித் தந்தவர்களுக்கு, அச்செலாவணி எவ்வாறு செலவாக வேண்டும் என்று சொல்ல ஒரு வாக்கும் இல்லை. குருவி தலையில் பனங்காய் வைத்தவர்கள், குருவியின் சம்மதத்தைக் கேட்கவேயில்லை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தினுள் புகுந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. எண்ணெய் விலை ஏறிய அதே வேளையில், நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய ஈராக்கின் சந்தையும் உலகத் தடையினால் அடைபட்டது. வளைகுடாப் போர் நம் வீட்டை முன்வாசலிலும் பின்வாசலிலும் ஒருங்கே தட்டக்கூடியது என்பது அன்று தெளிவாயிற்று.

மண்ணெண்ணெயின் கதை

பெற்றோலும் டீசலும் வாகனக்காரரின் எண்ணெய். மண்ணெண்ணெயோ மின்சாரம் எட்டாத லயத்தின் குப்பி விளக்குக்கும், அடைமழையில் விறகு நனைந்த நாளின் அடுப்புக்கும், கரையோர மீனவரின் வள்ளத்துக்கும் உரியது. ஆகையால் அரசுகள் நெடுங்காலம் அதன் விலையைத் தாழ்த்தியே வைத்திருந்தன.

2018 மே மாதம் விலைச்சூத்திரம் புகுத்தப்பட்டபோது லீற்றர் 44 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 101 ரூபாவாயிற்று. மலிவான மண்ணெண்ணெயை டீசலுடன் கலந்து பஸ்களும் லொறிகளும் ஓட்டுகின்றார்கள் என்பது அரசு கூறிய நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கலப்படம் செய்தவன் ஒருவன், தண்டம் கட்டியவன் வேறொருவன் என்றாயிற்று. அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 500 ரூபா. அதில் ஐந்திலொன்று ஒரு லீற்றருக்குப் போயிற்று. மீனவர் கடற்கரைகளில் திரண்டெழுந்தனர். அடுத்த மாதமே விலை 70 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. பேசியவர்களுக்குப் பலன் கிடைத்தது என்பதை இங்கு குறித்துக் கொள்வோம்.

2022 பெப்ரவரி 24-இல் ருஷ்யா உக்ரெய்ன் மீது படையெடுத்தது. மசகெண்ணெய் பீப்பாய் 120 டொலரையும் தாண்டிற்று. நம் நாட்டில் அப்போது டொலரே இல்லை. 2019 இறுதியில் செய்த வரிக்குறைப்பும், 2021-இன் இரசாயன உரத் தடையும், கரைந்து போன செலாவணி இருப்பும் வீட்டை முன்னரே உலுக்கியிருந்தன. போர் வந்து கூரையைத் தள்ளிற்று. மார்ச்சில் ரூபா வீழ்ந்தது. ஏப்ரலில் கடன் அடைப்பதை அரசு நிறுத்திற்று. 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூனில் 470 என ஏறிற்று. 121 ரூபா டீசல் 460 ரூபாவாயிற்று. ஏப்ரல் 19-இல் றம்புக்கணையில் விலையேற்றத்தை எதிர்த்தோர் மீது பொலிசார் சுட்டதில் ஓர் உயிர் போயிற்று. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்தார்.

இத்தனைக்கும் இடையில் மண்ணெண்ணெய் மட்டும் 87 ரூபாவிலேயே நின்றது. ஆயினும் அது பெயரளவில் மலிவு. சமையல் எரிவாயு கிடைக்காத நகரத்தாரும் கான் ஏந்தி அதே வரிசையில் நின்றதால், கடையில் எண்ணெயைக் காண்பதே அரிதாயிற்று. பின்னர் ஆகஸ்டு 22-ஆம் நாள், ஆரவாரமெல்லாம் ஓய்ந்த வேளையில், அதன் விலை 340 ரூபாவாயிற்று. ஏறக்குறைய நான்கு மடங்கு! பாதிக்கப்பட்டோருக்கு நேரடிப் பண உதவி வழங்கப்படும் என்பது மறுமொழி.

தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி அப்போது 1000 ரூபா. எட்டு மணி நேர வேலையில் இரண்டே முக்கால் மணி நேர உழைப்பு ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கு ஈடாயிற்று. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபா விலையோ 2022-இல் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய இரட்டித்தது. டொலர் ஏறியதால் தேயிலை ஏறிற்று. டொலர் ஏறியதால் எண்ணெயும் ஏறிற்று. கொழுந்து பறித்த கையின் கூலி மட்டும் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகும் வரை அசையவில்லை.

இரு தரப்பு நியாயங்கள்

வாங்கும் விலைக்குக் குறைவாக விற்றால் கூட்டுத்தாபனம் கடனில் மூழ்கும், அக்கடனும் வரியாகி ஏழையின் தலையிலேயே விழும் என்போரின் வாதம் அறிவுக்கு ஒத்ததே. ஏழையின் விளக்கை அணைத்து வரவு செலவைச் சரிசெய்யலாகாது என்போரின் வாதமும் நீதியானதே. இவ்விரண்டையும் இணைக்க வழியில்லாமற் போகவில்லை. விலையை ஆண்டுக்கணக்கில் அமுக்கி வைத்து ஒரே நாளில் அவிழ்த்து விடுவதே பெருங்கொடுமை. படிப்படியாக ஏற்றியிருந்தால், உதவிப்பணம் விலையேற்றத்திற்கு முன்பே கைக்கு வந்திருந்தால், நாட்கூலியும் உடன் உயர்ந்திருந்தால் சுமை இத்துணை கனத்திராது. ஆனால் அவ்வாறு செய்ய வேண்டுமானால் விவாத மேடையில் லயத்தைப் பற்றிப் பேச ஆள் வேண்டும்.

1973-இல் நம் மக்களுக்கு வாக்கில்லை. ஆகவே பேச இயலவில்லை. 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்களால் நாடற்றோர் என்னும் நிலை நீங்கிற்று. 2022-இல் நம்மிடம் வாக்கு இருந்தது; இருந்தும் விவாதமெல்லாம் பெற்றோல் வரிசையைச் சுற்றியே நடந்தது. வாக்கு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இளைஞர்களே! இன்னொரு போர் எங்கேனும் மூளும். எண்ணெய் மீண்டும் ஏறும். அப்போது பத்திரிகையில் பெற்றோல் விலையை மட்டும் வாசித்து அமையாதீர்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கும், ஒரு கிலோ மாவுக்கும், பெரகலையிலிருந்து அப்புத்தளைக்குச் செல்லும் பஸ் கட்டணத்திற்கும் எத்தனை மணி நேரக் கூலி ஈடாகின்றது என்று கணக்கிட்டுப் பாருங்கள். அக்கணக்கை மாதந்தோறும் எழுதி வையுங்கள். தொழிற்சங்கத்தாரிடமும் பிரதேச சபையிலும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் அதைக் கொண்டு போய் வையுங்கள். விலை ஏறிய பின்னர் அழுவதைவிட, ஏறுமுன் கணக்கோடு பேசுவது மேலானது.