துரைமாரின் றைபிளும் மருமகனின் .22உம்

இராகலையிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமான சுக விசாரிப்பு எதுவும் இல்லை. "அண்ணே, கனடாவுல பய துவக்கு வாங்கப் போறானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றாள்.

விடயம் எனக்கு முன்பே தெரியும். பயல் இரண்டு வாரங்களுக்கு முன்னரே எனக்கு எழுதியிருந்தான். வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பிராவில் பிறந்தவன். இப்போது கனடாவில் தொழில் பார்க்கிறான். பாதுகாப்புப் பயிற்சி நெறியை முடித்து, முறைப்படி உரிமமும் பெற்றுவிட்டான். குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்ள ஆசை. "மாமா, கையில் இருக்கும் காசுக்கு எந்த .22 றைபிள், எந்த ஸ்கோப் வாங்கலாம்? நீங்கள் எல்லாவற்றையும் விசாரித்து எழுதுகிறவர் அல்லவா?" என்பது அவனது கேள்வி.

பத்திரிகைத் தொழிலில் துவக்குச் சத்தத்தைப் பற்றி எழுதியே எனக்குத் தலை நரைத்திருக்கிறது. துவக்கு வாங்குவது எப்படி என்று மட்டும் ஒருநாளும் எழுதியதில்லை. ஆயினும் தேடத் தொடங்கியபோது ஒன்று புலப்பட்டது. மருமகன் கேட்கும் அந்த மலிவான றைபிளுக்கும், அதைக் கேட்டுத் தங்கை கொள்ளும் அச்சத்துக்கும் ஊற்று ஒன்றே. இரண்டும் தென்னாபிரிக்காவில் நடந்த ஒரு யுத்தத்தைச் சுற்றியே பிறந்திருக்கின்றன. அந்த யுத்தத்தின் ஒரு கிளை எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்தது.

மலைநாட்டில் துவக்கு முதலில் வேட்டைப் பொருளாகவே வந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவர் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் தங்கியிருந்த சாமுவேல் பேக்கர், தமது வேட்டைகளைப் பற்றித் தனிநூலே எழுதினார். காடு அழிந்து கோப்பியாகி, கோப்பி அழிந்து தேயிலையானபோது, துவக்கு துரையின் பங்களாச் சுவரில் தொங்கும் பொருளாயிற்று.

1899ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரே வாரத்தில், மூன்று களங்களில் பிரித்தானியப் படை போயர் விவசாயிகளிடம் தோற்றது. அந்த விவசாயிகள் அணிவகுக்கவோ சீருடை அணியவோ பழகியவர்கள் அல்லர். சிறுவயது முதல் மான் சுட்டுப் பழகிய கண்ணும், ஜேர்மனியில் செய்யப்பட்ட மவுசர் றைபிளுமே அவர்களது பலம். தூரத்துப் புதருக்குப் பின்னால் ஒருவன் படுத்திருந்து ஒவ்வொருவராகக் குறிபார்த்துச் சுட்டபோது, அணியணியாகச் சென்று ஒரேநேரத்தில் சுடப் பழக்கப்பட்ட சிப்பாய்களால் பதில் சொல்ல முடியவில்லை. கொலென்சோ களத்தில் காயமுற்று இறந்தவர்களுள் றொபேர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகனும் ஒருவர். அதே றொபேர்ட்ஸ்தான் அடுத்து அங்கே தலைமைத் தளபதியாக அனுப்பப்பட்டார்.

அந்த யுத்தத்துக்கு 1900இல் இலங்கையிலிருந்தும் குதிரைப்படைத் தொண்டர்கள் கப்பலேறினர். பெரும்பாலும் தோட்டத் துரைமார். அதே ஆண்டில்தான் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 'இலங்கைத் தோட்டத் துரைமார் றைபிள் படை' அமைக்கப்பட்டது. அதில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். அதே 1900 ஆகஸ்டில் தலைகீழான பயணம் ஒன்றும் நிகழ்ந்தது. பிடிபட்ட போயர்களைக் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். தியத்தலாவையின் புல்வெளியில் தகரக் கொட்டகைகள் எழுந்தன. ஏறத்தாழ 5,000 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். பேரரசையே திகைக்கவைத்த குறிகாரர்கள், கையில் ஒரு துவக்கும் இன்றி எங்கள் மலையில் மரப்பொம்மை செதுக்கிக்கொண்டு நாளைக் கழித்தார்கள். தியத்தலாவை இன்றும் இராணுவப் பயிற்சித் தளமாகவே இருக்கிறது.

இங்கிலாந்து அந்தத் தோல்வியிலிருந்து ஒரு பாடம் படித்தது. சாதாரண மனிதனுக்குச் சுடத் தெரியவில்லை என்பதே அது. அதுவரை றைபிள் போட்டி என்றால் 1860இல் விக்டோரியா மகாராணி முதற் குண்டைச் சுட்டுத் தொடக்கிவைத்த விம்பிள்டன் வகைப் போட்டிதான். நூற்றுக்கணக்கான யார் நீளமான வெளியும், விலைகூடிய றைபிளும், ரயிலேறிப் போய்வர ஓய்வும் வேண்டும். சுரங்கத் தொழிலாளிக்கும் ரயில்வே எழுதுவினைஞருக்கும் அவை ஏது? எனவே 1901இல் மேஜர் ஜெனரல் லுவார்ட் என்பவர் ஒரு சங்கம் அமைத்தார். அதன் பெயரைக் கவனியுங்கள்: 'உழைப்பாளர் றைபிள் கழகங்களின் சங்கம்'. றொபேர்ட்ஸ் பிரபு அதற்குப் பேராதரவு அளித்தார். 1903இல் அது 'சிறு றைபிள் கழகங்களின் சங்கம்' என்று பெயர் மாறியது. (லுவார்டின் முடிவு துயரமானது. 1908இல் அவருடைய மனைவி சுட்டுக் கொல்லப்பட்டார். சில வாரங்களில் அவரும் தற்கொலை செய்துகொண்டார். கொலையாளி யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. பழைய குற்றச்செய்தி நிருபனால் இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.)

இச்சங்கத்தைச் சாத்தியமாக்கியது .22 ரவை. அதன் கதை எளிது. சாதாரண ரவையின் அடியில், நடுவில், தீமூட்டும் மருந்துள்ள ஒரு சிறு மூடி இருக்கும். .22 ரவையிலோ அம்மருந்து வெற்றுறையின் அடி விளிம்புக்குள்ளேயே பரவியிருக்கும்; துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கினால் தீப்பற்றும். ஆகவேதான் அதற்கு 'றிம்பயர்' என்று பெயர். நசுங்க வேண்டுமாகையால் உறை மெல்லியது. மெல்லியதாகையால் அழுத்தமும் குறைவு, ஓசையும் உதைப்பும் குறைவு, விலையும் குறைவு. 1845இல் பரிசில் ஃபுளோபேர் என்பவர் இதன் மூலவடிவைச் செய்தார். 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அன்ட் வெசன் அதை மேம்படுத்தியது. 1887இல் வந்த 'லோங் றைபிள்' ரவையே இன்றுவரை உலகெங்கும் விற்பது. இதைச் சுடப் பெருவெளி தேவையில்லை. தேவாலய மண்டபமோ, தொழிற்சாலையின் பின்புறமோ, 25 யார் நீளமான ஓர் இடமோ போதும். பேர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் இக்கழகங்களுக்கென்றே மலிவான றைபிள்களைச் செய்து தள்ளியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள் என்று நினைப்பார்கள். அந்தச் சைக்கிளின் சின்னத்தில் மூன்று துவக்குகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்பதை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்?

பேரரசின் தலைநாட்டில் உழைப்பாளியின் கையில் துவக்கைக் கொடுத்துப் பழக்கிய அதே ஆண்டுகளில், பேரரசின் தேயிலையைப் பறித்த உழைப்பாளிக்கு எது கிடைத்தது? துரை ஞாயிற்றுக்கிழமை துவக்குடன் பயிற்சிக்குப் போவதைப் பார்க்கும் உரிமை கிடைத்தது. 1914 அக்டோபரில் அப்படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 ஏனையோரும் எகிப்துக்குக் கப்பலேறினர். ஊரில் எஞ்சியிருந்த ஐரோப்பியத் தொண்டர்கள் 1915 கலவரத்தின்போது, இராணுவச் சட்டத்தின் கீழ், துவக்கேந்தித் தெருக்களில் இறங்கினார்கள். விசாரணையின்றிச் சுட்டுக்கொன்ற சம்பவங்கள் பதிவாகியுள்ளன. மறு ஆண்டு, 1916இல், 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமப் பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருக்கலாகாது. இன்றும் இலங்கையில் துவக்கு உரிமத்துக்கு அடிப்படை அதுவே. சட்டம் தோட்டத் தொழிலாளி என்று எவரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் காணித்துண்டும் இல்லாமல், 1948இன் 18ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் குடியுரிமையும் இல்லாமல் நின்றவன், துவக்கு உரிமம் கேட்டுக் கச்சேரிப் படியேறுவதை யார்தான் கற்பனை செய்திருப்பார்?

அவன் அறிந்த துவக்குகள் வேறு. காட்டுப்பன்றிக்காகக் களவாகக் கட்டிவைத்த கட்டுத்துவக்கில் கால் சிதைந்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவர். மற்றொன்று பொலிஸ் துவக்கு.

வலப்பனைக்கு அடுத்த ஹங்குரன்கெத்தைப் பக்கத்தில், ஹேவாஹெட்டையில் உள்ளது முல்லோயாத் தோட்டம். அங்கே சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தொழிலாளர் தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். முல்லோயா வழக்குகள் தொடர்பில் உள்நாட்டமைச்சர் இட்ட பணிப்பைப் பொலிஸ்மா அதிபர் ஏற்க மறுக்க, ஆளுநர் பொலிஸ்மா அதிபரின் பக்கம் நிற்க, அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்கு விவகாரம் முற்றியது. ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு கொழும்பின் அமைச்சரவையை அசைத்தது அதுவே முதற்தடவை என்பேன். என் தாத்தா 'முல்லோயா' என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். பின்னர் யுத்த காலத்தில், தமிழ் இளைஞன் ஒருவனையும் துவக்கையும் ஒரே வசனத்தில் எழுதவே எங்கள் மேசையில் யோசிப்போம். தங்கை வளர்ந்தது அந்த ஆண்டுகளில். அவளுடைய அச்சத்தை அறியாமை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

துரைமார் றைபிள் படை 1949இல் கலைக்கப்பட்டது. .22 றைபிளோ உலகெங்கும் பரவிற்று. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே சிறு றைபிள் போட்டிகள் இடம்பெற்றன. 2012இல் அதே லண்டனில் இலங்கையின் மங்கள சமரக்கோன் 50 மீற்றர் போட்டியில் கலந்துகொண்டார். 2024 பாரிசில், ரயில்வே பயணச்சீட்டுப் பரிசோதகரான இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை; துளைக்குறியின் ஊடாகவே பார்க்க வேண்டும். மருமகன் போக விரும்பும் போட்டி வேறு வகை. தூரங்கள் மாறும், படுத்தும் சாய்ந்தும் சுடவேண்டும், ஸ்கோப் உண்டு. அமெரிக்காவில் 2017இல் தொடங்கிய இத்தகைய .22 போட்டித்தொடர் ஒன்றில், றைபிளும் ஸ்கோப்பும் சேர்ந்து குறித்த விலையைத் தாண்டக்கூடாது என்று தனிப்பிரிவே வைத்தார்கள். லுவார்டின் எண்ணம் நூறாண்டு கழித்து வேறு நாட்டில் தலைகாட்டியிருக்கிறது.

விடயமறிந்தவர்களிடம் விசாரித்து அவனுக்கு நான் எழுதியது இது. தானியங்கி வேண்டாம், ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துப் பூட்டும் 'போல்ட்' வகையை வாங்கு. செக் நாட்டின் சி.இசட். 457, பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ் ஆகியவை நடுத்தர விலைக்கு நல்ல பெயர் பெற்றவை. அதற்கும் வசதியில்லையேல் சவேஜ் மார்க் டூ போதும். தொடக்ககாலத்தில் நீ விடும் பிழை துவக்கின் பிழையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும். காசு முழுவதையும் றைபிளில் கொட்டாதே. ஸ்கோப்புக்கும் ரவைக்கும் மிச்சம் வை.

ஸ்கோப்பில் உருப்பெருக்கம் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதே. நான்கு முதல் பதினாறு மடங்கு தாராளம். முக்கியமாகப் பார்க்கவேண்டியது இடமாறு தோற்றம். கண்ணைச் சற்று அசைத்தால் குறுக்குக்கோடும் இலக்கின்மீது அசைந்தால், அந்த ஸ்கோப் உன் தூரத்துக்குச் சரிசெய்யப்படவில்லை என்று பொருள். பெரிய றைபிள்களுக்கான ஸ்கோப்புகள் பல 100 யாருக்கோ அதற்கு மேலோ நிலையாக அமைக்கப்பட்டவை; .22இன் கிட்டிய இலக்குகளுக்கு அவை உதவா. 25 யார் வரை இறக்கிச் சரிசெய்யக்கூடியதாகப் பார்த்து வாங்கு. திருகிய குமிழ் திரும்பவும் பழைய இடத்துக்கே பிசகாமல் வருகிறதா என்றும் சோதித்துப்பார். 50 யாருக்குச் சரிசெய்த றைபிளின் ரவை 100 யாரில் ஏறத்தாழ ஆறேழு அங்குலம் கீழே விழும். போட்டி முழுவதும் அந்தக் குமிழைத்தான் திருகிக்கொண்டிருப்பாய்.

ரவையில் 'அதிவேகம்' என்று அச்சிட்ட பெட்டியை விட்டுவிடு. ஒலியைவிட வேகமாகப் புறப்படும் .22 ரவை வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். ஒலிக்குச் சற்றுக் கீழே, வினாடிக்கு 1,070 அடி அளவில் புறப்படுவதே நேராகப் போகும். ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு ரவை பிடிக்கும். ஐந்தாறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப்பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்கு.

சென்ற மாதம் அவன் ஓர் இலக்குத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 50 யார், ஐந்து வெடிகள். நான்கு துளைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஐந்தாவது தனியே ஓரமாய்ப் போயிருந்தது. ஊருக்குப் போயிருந்த வேளையில் தங்கையிடம் கைபேசியில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கா அம்புட்டுக் காசு?" என்றாள். பிறகு, "துவக்க எங்க வச்சிருக்கான்? பூட்டி வச்சிருக்கானான்னு கேளுங்க அண்ணே."

பூட்டித்தான் வைத்திருக்கிறான், அங்கே சட்டமும் அதுதான் என்றேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு, தேநீர் ஊற்ற உள்ளே போனாள்.