டர்ஹாம் நகரத்து அரிசிப் பத்தியம்

புகையிலை வர்த்தகத்தால் செல்வமும் பெயரும் எய்திய டர்ஹாம் என்னும் நகரம் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் உள்ளது. உடல் பருத்த சீமான்களும் சீமாட்டிகளும் அத்தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும் வந்து, மாதக்கணக்கில் தங்கிப் பத்தியம் காக்கும் க்ஷேத்திரமாக அது சென்ற நூற்றாண்டில் மாறியதற்குக் காரணம், அரிசியும் பழமும் சர்க்கரையும் அன்றி வேறெதற்கும் பெரும்பாலும் இடங்கொடாத ஓர் ஆகார முறை. சோற்றினால்தான் தொந்தி வளர்ந்தது என்று வைத்தியரிடம் வசவு வாங்கும் நம்மவர்களுக்கு இது பரிகாசமாகத் தோன்றலாம். ஆயினும் கொழுப்பைக் குறைத்து உண்ணும் சிகிச்சைகளின் சரித்திரத்தில் இதற்கு ஈடான அத்தியாயம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இம்முறையை வகுத்த டாக்டர் வால்டர் கெம்ப்னர் 1903-இல் பெர்லினில் பிறந்தவர். உயிரணுக்களின் சுவாசத்தை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற ஆட்டோ வார்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அவர், ஹிட்லரின் ஆட்சியில் யூத வம்சத்தாருக்கு வாழ்வில்லாமற் போகவே, 1934-இல் டர்ஹாமிலுள்ள டியூக் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். பழுதுற்ற சிறுநீரகத்தின் வேலைப் பளுவைக் குறைத்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்பது அவருடைய சித்தாந்தம். நாளொன்றுக்கு 2,000 கலோரி. அதில் புரதம் சுமார் 20 கிராம், கொழுப்பு 5 கிராமுக்குள், உப்போ இல்லையென்றே சொல்லலாம். புரதத்தை ஒடுக்கப் புறப்பட்ட இடத்தில் கொழுப்பும் உடன் ஒடுங்கிற்று என்று கொள்வதே பொருத்தம்.

ரத்த அழுத்தத்தைத் தணிக்க உருப்படியான மருந்தில்லாத காலம் அது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே அந்நோய் முற்றி, 1945-இல் மூளையில் ரத்தம் கசிந்து மாண்டார். 1942-இல், சிறுநீரகம் கெட்டுக் கண்பார்வையும் மங்கிய ஒரு குடியானவப் பெண்மணியை, இரண்டு வாரம் இப்பத்தியத்தில் இருந்துவிட்டு வரும்படி கெம்ப்னர் அனுப்பினாராம். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பு பிடிபடாத அந்த அம்மாள் இரண்டு மாதம் கழித்தே திரும்பி வந்தபோது, அழுத்தம் இறங்கி, வீங்கிய இருதயம் சுருங்கி, விழித்திரையின் ரத்தக்கசிவும் மறைந்திருக்கக் கண்டு வைத்தியரே பிரமித்தார் என்று சொல்வார்கள். அதன்பின் அவர் நோயாளிகளை நீண்ட காலம் பத்தியத்தில் வைக்கத் துணிந்தார். யார் திருட்டுத்தனமாக உப்புத் தின்றார்கள் என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையே காட்டிக் கொடுத்துவிடுமாதலால், பொய் சொல்லித் தப்ப வழியில்லை.

1958-இல் குளோரோதயஸைடு மாத்திரை வந்தபின், ரத்த அழுத்தத்துக்காக இத்தனை கடுமையைச் சகிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. பருமனைக் குறைக்க வந்தவர்களோ பெருகினார்கள். தலைக்கு 45 கிலோவுக்குக் குறையாமல் எடை இழந்த 106 பேரின் விவரத்தைக் கெம்ப்னரும் அவருடைய சகாக்களும் 1975-இல் வெளியிட்டனர்.

இதற்குள் வைத்தியப் பட்டம் எதுவும் பெறாத நேதன் பிரிட்டிகின் என்பவர், தமக்கு வந்த இருதய நோய்க்குத் தாமே பத்தியம் வகுத்துக்கொண்டு, அதையே பிறருக்கும் போதிக்கலானார். 1977-இல் அமெரிக்க செனட் சபையின் கமிட்டியொன்று, கலோரியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் கொழுப்பு வேண்டாமென்று தேசம் முழுமைக்கும் உபதேசித்தது. வியாபாரிகள் விடுவார்களா? கொழுப்பை நீக்கிச் சர்க்கரையைச் சேர்த்த பிஸ்கோத்துகள் ஆரோக்கியத்தின் பெயரால் கடைகளில் குவிந்தன. ஏறக்குறைய 49,000 பெண்களைக் கொண்டு நடத்தி 2006-இல் முடிவு வெளியிட்ட பெரும் பரிசோதனையில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இருதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று தெரிந்ததும், அந்த உபதேசமே பிழை என்று பலர் முழங்கினர். அப்பெண்கள் எட்ட முயன்ற அளவு நூற்றுக்கு 20. ஆறாம் ஆண்டில் அவர்கள் நின்றதோ ஏறத்தாழ 29. கெம்ப்னரின் பாத்திரத்தில் இருந்தது நூற்றுக்கு இரண்டே சொச்சம். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, ஒன்றின் தோல்வியை மற்றொன்றின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

கடுமையைக் கைவிடாதவர் டாக்டர் டீன் ஆர்னிஷ். கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற சுவாமி சச்சிதானந்தரை இளமையிலேயே குருவாகக் கொண்ட அவர், நூற்றுக்கு 10 பங்கே கொழுப்புள்ள சைவ ஆகாரத்தோடு யோகாசனம், தியானம், நடை ஆகியவற்றையும் சேர்த்து, சிலருடைய இருதய நாளங்களின் அடைப்பு சிறிது தளர்ந்ததை 1990-இல் எடுத்துக்காட்டினார். நோயாளிகள் சிலரே, பலன் சோற்றாலா, தியானத்தாலா என்று பிரித்தறியவும் இயலாது. எனினும் 2010-இல், முதியோருக்கான அமெரிக்க அரசாங்கக் காப்புறுதித் திட்டம் இச்சிகிச்சைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.