வேன் குடித்த பெட்ரோல்

சேலத்திலிருந்து கோயமுத்தூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் போகும் பாதையும் சந்திக்கிற இடத்தில் அமைந்த பெருமாநல்லூர், கொண்டத்துக் காளியம்மனின் குண்டம் திருவிழாவினாலும், 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கிளர்ந்த உழவர்களில் மூவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானதனாலும் பெயர் பெற்றது. மின்சாரமாயினும் எண்ணெயாயினும் ஒரு பைசா ஏறினால்கூட அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிற பிரதேசம் இது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், நாற்பது ஆண்டுகளாக இங்கே ஓடிவரும் ஒரு சிறிய வாகனத்துக்கு நேர்ந்த கோளாறுகளின் காரணம் செவ்வையாக விளங்கும்.

ஜப்பானிய சுசுகியின் கூட்டுறவோடு 1983 டிசம்பரில் முதல் காரை வெளியிட்ட மாருதி ஸ்தாபனம், மறு ஆண்டே அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒரு வேனையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆம்னி என்ற நாமகரணம் 1988-இல் நடந்தது. திருப்பூரின் பனியன் ஏற்றுமதி பெருகத் தொடங்கிய காலமும் அதுவே. கட்டிங் முடிந்த பீஸ் மூட்டைகளைத் தையல் யூனிட்டுக்கும், தைத்தவற்றைக் காஜா பட்டனுக்கும் செக்கிங்குக்கும் வாரத்தில் ஆறு நாள் சுமந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டை மாட்டிக்கொண்டு குடும்பத்தைப் பழனிக்கோ பண்ணாரிக்கோ அழைத்துச் செல்ல இதைவிட அனுகூலமான வண்டி வேறொன்று அன்று இல்லை. தூங்கிப்போன குழந்தைகளின் தலைமாட்டில் நூல் கோன் பெட்டியும் இருக்கும்.

அந்நாளைய வேனில் எரிபொருள் செல்லும் மார்க்கம் மிகவும் எளியது. எஞ்சினின் கேம் தண்டு சுழலச் சுழல ஒரு நெம்புகோல் அசைந்து, மெக்கானிக்குகள் ஏசி பம்பு என்கிற சாதனத்துக்குள் உள்ள ரப்பர்ச் சவ்வை இழுத்தும் விட்டும், டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளும். அங்கே மிதவை ஒன்று ஊசியை ஏற்றி இறக்கிப் பெட்ரோலின் மட்டத்தைக் காக்க, ஜெட் எனப்படும் நுண்துளைகளின் வழியே அது காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். மிதவையின் ஊசி தேய்ந்தால் பெட்ரோல் வழிந்து பிளக் கரிபிடிக்கும். ஜெட்டில் துரும்பளவு அழுக்குச் சேர்ந்தால் வண்டிக்கு இழுவை போய்விடும். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே கொதித்துக்கொண்டிருப்பதனால், சித்திரை வெயிலில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ள, வேன் நடுரோட்டில் மக்கர் செய்து நின்றுவிடுவதும் உண்டு. அனுபவஸ்தர்கள் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு அருகிலிருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

பட்டறைக்கு வந்த வேனின் இருக்கையைத் தூக்கிய மெக்கானிக், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே ஆயில் அளவுக் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோவார். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் சவ்வு கிழிந்துவிட்டது, கசிந்த பெட்ரோல் ஆயிலை நீர்க்கச் செய்துகொண்டிருக்கிறது என்று நிச்சயம் செய்துகொள்வார். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்வாரேயன்றி அதற்குள் கம்பியை விடமாட்டார். துளை மயிரிழை அகன்றாலும் வண்டி அன்று முதல் பெட்ரோலை அளவின்றிக் குடிக்கத் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்த வித்தை எந்தப் பாடசாலையிலும் போதிக்கப்பட்டதன்று.

இவையாவும் வண்டியின் வயதினால் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அரசாங்கம் மானியம் அளித்து, அடையாளத்துக்காக நீலச் சாயத்தையும் கலந்து விநியோகித்துவந்த காலத்தில், அதற்கும் பெட்ரோலுக்கும் இருந்த விலை வித்தியாசமே கலப்படக்காரர்களுக்கு மூலதனமாயிற்று. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் எஞ்சின் தட்டும், புகையும், கரியைப் படியவிடும். பழியோ கார்புரேட்டரின் தலையில் விழும். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், கலப்படம் செய்த பங்க் ஒன்றின்மீது நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதிலிருந்து, அந்த வியாபாரத்தில் எவ்வளவு பணம் புரண்டது என்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

கலப்படத்துக்கு அடுத்து வந்தது கேஸ். யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பின்புறம் கரி அடுப்பைச் சுமந்து பஸ்கள் ஓடிய தேசத்தில், அடுக்களைச் சிலிண்டரை வேனின் பின்புறம் கிடத்தும் யோசனை பிறந்ததில் வியப்பில்லை. 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரை வண்டியில் பூட்டுவது சட்ட விரோதம் மட்டுமல்ல, குழந்தைகளை ஏற்றும் வாகனத்தில் அது பாதகமும்கூட. ஆயினும் சிக்கனம் பயத்தை வென்றது. வாகனத்துக்கு எல்பிஜி உபயோகிப்பதை முறைப்படுத்தும் ஆணை 2001-இல்தான் வந்தது. பின்னர் மாருதியே எல்பிஜி ஆம்னியை விற்றது. கேஸில் ஓடிய வேன்களுக்கு வேறொரு விபரீதமும் நேர்ந்தது. உபயோகமின்றிக் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகும். காலி டாங்கு உள்ளே துருப்பிடிக்கும். கேஸ் தீர்ந்த அன்று பெட்ரோலுக்கு மாற்றினால் வண்டி உயிர்பெறாது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், புகை விதிகள் கடுமையானதையொட்டிக் கார்புரேட்டர் விடைபெற, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் டாங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்பம்பும் வந்தன. சாவியைத் திருப்பியதும் பின்புறத்தில் ஓரிரு விநாடி ‘ஊம்’ என்று கேட்கிறதா என்பதே பரீட்சை. அந்தப் பம்பு, தன்னைச் சூழ்ந்துள்ள பெட்ரோலினாலேயே குளிர்விக்கப்படுவது. நூறு ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் முள்ளிலேயே வாரம் முழுவதும் ஓட்டும் நம்மவர் வழக்கத்தில் அது சூடேறி அகாலத்தில் மடிகிறது. மிச்சம் பிடித்த பணத்தைவிடப் புதுப் பம்பின் விலை அதிகம் என்பதைச் சொன்னால் எவரும் நம்புவதில்லை.

ஆம்னியின் உற்பத்தி 2019-இல் நின்றது. பெருமாநல்லூர் ரோட்டில் மூட்டை ஏற்றும் வேன்களுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும்! அவற்றுக்கு இப்போது வந்துள்ள சோதனை எத்தனால். பெட்ரோலில் 10 சதவீதக் கலப்பு என்ற இலக்கை 2022 ஜூனில் எட்டிய அரசாங்கம், 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பையும் விற்பனைக்குக் கொண்டுவந்து, விரைவிலேயே நாடெங்கும் பரப்பிவிட்டது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் நன்மை தருகிற இத்திட்டத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. நெடுநாள் நிற்கிற வண்டியின் டாங்கில் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கக்கூடியது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்புச் சவ்வையும் கெடுப்பது. ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கை இளக்கிப் பில்டருக்கு அனுப்புவது. தொண்ணூறுகளில் செய்த வேன் இதனை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. ஆகவே, எண்ணெய் நிறுவனங்கள் ஒவ்வொரு பங்க்கிலும் எத்தனாலின் சதவீதத்தைத் தமிழில், கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும்; பழைய வண்டிக்காரர்களுக்காகக் குறைந்த கலப்புள்ள பெட்ரோலையும், வட்டாரத்துக்கு ஒரு பங்க்கிலேனும், நியாயமான விலையில் விற்க வேண்டும்.