பெருமூளைப் புறணியின் செயற்பகுதிகள்

பெருமூளையின் மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாக அமைந்த, சில மில்லிமீட்டர் தடிப்பேயுள்ள சாம்பல்நிற அடுக்கு பெருமூளைப் புறணி எனப்படும். அசைவு, தொடுவுணர்வு, பார்வை, பேச்சு ஆகியவற்றில் அதன் வெவ்வேறு பகுதிகளுக்கு முதன்மைப் பங்கு உண்டு என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

தலைக்காயத்தால் பேச்சிழந்தவரைப் பற்றிய குறிப்பு பண்டை எகிப்திய மருத்துவச் சுவடியிலேயே உள்ளது. 1800ஐ ஒட்டி வியன்னாவில் கால் என்பவர் 27 மனவாற்றல்களுக்கு மூளையில் இடம் வகுத்தார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைக் கொண்டு அவற்றை அறியலாம் என்ற அவர் கொள்கை நிலைக்கவில்லை. மாறாக, புறணி முழுதும் ஒன்றாகவே இயங்குகிறது என்றார் பிளூரான்ஸ் என்பவர்.

திருப்பம் 1861 ஏப்ரலில் நேர்ந்தது. பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி, எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்றே விடை சொல்வார். பிறர் பேச்சு அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று அறுவை மருத்துவர் பால் புரோக்கா கேட்டபோது, ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார்: 21 ஆண்டுகள். கணக்கு சரியாக இருந்தது. ஏப்ரல் 17இல் அவர் இறந்தார். மறுநாளே புரோக்கா அவரது மூளையைப் பாரிஸ் மானிடவியல் கழகத்தின் முன் வைத்தார். இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. லெலோன் என்ற முதியவரிடமும் அவ்வாண்டே ஏறத்தாழ அதே இடத்தில் சிதைவு காணப்பட்டது. எல்லா எண்களுக்கும் அவரிடம் ‘மூன்று’ என்ற சொல்லின் சிதைந்த வடிவம் ஒன்றே இருந்தது. சரியான எண்ணிக்கையை விரல்களே சொல்லின.

பேச்சிழப்புக்கும் இடப்பக்க மூளைக்கும் உள்ள தொடர்பை மார்க் டாக்ஸ் என்பவர் 1836இலேயே கண்டுரைத்தார் என்று அவர் மகன் வாதிட்டார். முதலில் கண்டவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. லெபோர்னின் மூளையைப் புரோக்கா அறுக்காமல் பாதுகாத்ததால் 2007இல் அதைக் காந்த அதிர்வுப் படம் எடுக்க முடிந்தது. சிதைவு புறணியைக் கடந்து ஆழமாகப் பரவியிருந்தது அதில் தெரிந்தது. ஆகவே புரோக்கா சுட்டிய இடம் மட்டுமே பேச்சிழப்புக்குக் காரணம் என்று உறுதியாகக் கூறுவதற்கில்லை.

பிரிட்ஷும் ஹிட்சிக்கும் 1870இல் நாயின் புறணியை மின்சாரத்தால் தூண்டி உடலசைவைக் கண்டனர். பேச்சை விளங்கிக்கொள்ளும் பகுதியை வெர்னிக்கி 1874இல் விவரித்தார். உயிரணு அமைப்பின்படி புறணிப் பகுதிகளுக்குப் புரோட்மன் 1909இல் இட்ட எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. மான்ட்ரியலில் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் புறணியைத் தூண்டி உடலுறுப்புகளுக்குரிய இடங்களைக் குறித்தார்.

2016இல் வெளியான புறணி வரைபடம் ஒவ்வொரு அரைக்கோளத்திலும் 180 பகுதிகளைக் காட்டுகிறது.